கேள்வி – பதில்: தங்க மோதிரம் ஏன் சிக்கவில்லை?

கேள்வி: நானே செய்த பல்ஸ் இண்டக்‌ஷன் டிடெக்டர் (உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி) பழைய செப்புக் காசை 20 செ.மீ தள்ளியே காட்டுகிறது. மெல்லிய தங்க மோதிரத்தைக் காயிலை (கம்பிச்சுருளை) ஒட்டிப் பிடித்தாலும் சத்தமே இல்லை. தங்கம் நல்ல கடத்திதானே? – வாசகர், தூத்துக்குடி

பதில்: தங்கம் நல்ல கடத்திதான், உங்கள் கருவி அதைத் தாமதமாகப் பார்க்கிறது. காயிலில் ஓடும் மின்னோட்டத்தை மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) சட்டென்று நிறுத்தியதும் காந்தப்புலம் சரிகிறது. அந்தச் சரிவு, பக்கத்திலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அது அடங்கும்வரை காயிலில் எழும் சிறு மின்னழுத்தம்தான் உங்கள் சிக்னல். கனமான செப்புக் காசில் 100 மைக்ரோசெகண்டு தாண்டியும் ஓட்டம் இருக்கும். மெல்லிய மோதிரத்தில் சில மைக்ரோசெகண்டிலேயே தேய்ந்துவிடும். சாம்பிள் தாமதம் (மின்னோட்டம் நின்றபின் சிக்னலை அளக்கும்வரை கருவி காத்திருக்கும் நேரம்) 25 மைக்ரோசெகண்டு என்றால் பார்க்க எதுவும் மிஞ்சாது.

தாமதத்தை 10 மைக்ரோசெகண்டுக்குக் குறையுங்கள். ஆனால் அதற்குள் காயிலும் அடங்கியிருக்க வேண்டும். 20 செ.மீ விட்டத்தில் 27 சுற்று போட்டால் காயிலின் இண்டக்டன்ஸ் (தூண்டல் திறன்) சுமார் 300 மைக்ரோஹென்றி வரும். எனாமல் கம்பியை நெருக்கிச் சுற்றினால் சுற்றுகளுக்கிடையே கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) ஏறி, அடங்க நேரமாகும். பிவிசி உறை போட்ட கம்பி நல்லது. காயிலுக்குக் குறுக்கே 220 ஓம் ரெசிஸ்டரும் அதோடு தொடராக 1 கே ப்ரீசெட்டும் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) வைத்து, மின்னழுத்தத்தை அலையாகக் காட்டும் ஆஸிலாஸ்கோப்பில் பாருங்கள். மதிப்பு கூடினால் அலை துள்ளும், குறைந்தால் இறக்கம் இழுக்கும். துள்ளல் நிற்கும் இடத்தில் இரண்டின் மொத்த மதிப்பை அளந்து, அதே மதிப்புள்ள மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரை மாட்டுங்கள். வயர்வவுண்ட் கூடாது, அதுவே ஒரு காயில். காயிலுக்கு ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) சுற்றினால் ஓரிடத்தில் இடைவெளி விடுங்கள். மூடிய வளையமானால் அதிலேயே சுழல் மின்னோட்டம் ஓடும்.

சோதித்துப் பார்க்க, செப்புக் கம்பியை மோதிர அளவில் வளைத்து முனைகளை ஈயம் வைத்து ஒட்டுங்கள். சத்தம் வரும். ஒட்டை வெட்டிவிட்டால் ஏறக்குறைய அடங்கிவிடும். மெல்லிய தங்கச் சங்கிலி சிக்காததும் இதனால்தான்: கண்ணிகளுக்கிடையே தொடுகை சரியாக இல்லாததால், ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிக் குட்டி வளையம்.

கேள்வி: இந்த டிடெக்டர் இரும்பா தங்கமா என்று பிரித்துச் சொல்லுமா? – வாசகர், சேலம்

பதில்: நம்பும்படி சொல்லாது. சிறு ஆணியின் தேய்வும் நகையின் தேய்வும் ஒன்றுபோலவே வரலாம். தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: கடற்கரையில் வேலை செய்யுமா? – வாசகர், நாகப்பட்டினம்

பதில்: நன்றாகவே செய்யும். உப்புநீர் மிகப் பலவீனமான கடத்தி, அதில் சுழல் மின்னோட்டம் உடனே மடிந்துவிடும். தாமதத்தை மிகக் குறைத்தால் மட்டும் ஈரமணலும் கத்தும். அப்போது 15 மைக்ரோசெகண்டு அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.