உதவி செய்யப் போய் ஏன் திட்டு வாங்குகிறேன்?

கேள்வி: எனக்கு வயது 41. கோவையில் இருக்கிறோம். மனைவி வங்கியில் வேலை பார்க்கிறார், வீடு திரும்ப இரவு ஏழரை ஆகிவிடும். நான் ஒரு வருடமாக வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். அவர் பாரத்தைக் குறைக்கலாம் என்று நான் செய்வதெல்லாம் வினையாக முடிகிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்த இரும்பு தோசைக்கல்லை ஸ்டீல் ஸ்க்ரப்பர் போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். மறுநாள் ஒரு தோசைகூட முழுதாகப் பெயர்ந்து வரவில்லை. அவருடைய அரக்குச் சுங்குடிச் சேலையோடு மகனின் வெள்ளைச் சீருடையை மெஷினில் போட்டேன். சட்டை ரோஸ் ஆகிவிட்டது. அவர் பிறந்தநாளுக்குச் சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று சமையலறை அலமாரியை முழுக்க மாற்றி, எல்லாவற்றையும் ஒரே மாதிரி டப்பாக்களில் போட்டு அடுக்கினேன், அன்று அழுதேவிட்டார். பாத்ரூம் கறை போக ப்ளீச்சிங் பவுடரைத் தூவி, அதன் மேல் டாய்லெட் கிளீனரை ஊற்றியபோது இருமல் தாங்காமல் வெளியே ஓடி வந்தேன், அதற்கும் திட்டு. "நீங்க சும்மா இருந்தாலே பெரிய உதவியா இருக்குமுங்க" என்கிறார். நிஜமாகவே சும்மா இருந்துவிடட்டுமா?

பதில்: சும்மா இருக்க வேண்டாம். ஆனால் நீங்கள் கடைசியாகச் சொன்னதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். மற்ற மூன்றும் மனக்கசப்போடு போயின. இது உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கும்.

ப்ளீச்சிங் பவுடரில் இருப்பது ஹைப்போகுளோரைட். கழிவறைக்கு வாங்கும் கிளீனர்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர நகரத்துக்கு அருகே ஜெர்மன் படை எதிரிகள் மேல் திறந்துவிட்டது இந்த வாயுவைத்தான். இது காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். குனிந்து உட்கார்ந்து தேய்ப்பவருடைய மூக்குக்குத்தான் முதலில் வரும். இரண்டு மருந்து சேர்ந்தால் இரண்டு மடங்கு சுத்தமாகும் என்ற நம்பிக்கை எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மருந்து, அதை நன்றாகத் தண்ணீர் விட்டு அலசிய பிறகே வேறு எதுவும். கண்ணாடி துடைக்கும் அமோனியா கலந்த திரவத்தோடும் ப்ளீச்சைச் சேர்க்கக் கூடாது.

எப்போதாவது மறுபடி இப்படி நேர்ந்தால், தண்ணீர் ஊற்றிக் கழுவலாம் என்று உள்ளே திரும்பப் போகாதீர்கள். உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு இறுக்கமோ இருந்தால் 108-ஐ அழையுங்கள். முதலில் சரியாகிவிட்டது போலத் தோன்றி, சில மணி நேரம் கழித்து மூச்சுத் தொல்லை கூடுவதும் உண்டு. அன்று உங்கள் மனைவி போட்ட சத்தத்தில் பாதிக்கு மேல் பயம்தான் இருந்திருக்கும்.

இனி தோசைக்கல். நீங்கள் பிசுக்கு என்று நினைத்தது பிசுக்கு இல்லை. இரும்பின் மேல் எண்ணெயை மெல்லிசாகத் தடவிச் சூடாக்கும்போது, அந்த எண்ணெய் இறுகி, இரும்போடு ஒட்டிய ஒரு கறுப்புப் படலமாக மாறுகிறது. ஒவ்வொரு நாள் தோசைக்கும் அந்தப் படலம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். "கல் பழகிவிட்டது" என்று வீட்டில் சொல்வார்களே, அது இதைத்தான். நீங்கள் ஒரு மதியத்தில் தேய்த்து எடுத்தது உங்கள் மனைவியின் பல வருடக் கைவேலை.

நல்ல செய்தி, அதைத் திரும்பக் கொண்டுவரலாம், நீங்களே செய்யலாம். துரு இருந்தால் கல் உப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். துணியால் துடைத்ததோடு விடாமல், அடுப்பில் வைத்து ஈரம் முழுக்கப் போகும்வரை காய வையுங்கள். பிறகு துணியில் எண்ணெய் தொட்டு, கல் மினுமினுக்கும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். எண்ணெய் கூடினால் பிசுபிசுப்பாக நிற்குமே தவிரப் படலமாகாது. லேசாகப் புகை வரும்வரை சூடாக்கி, அணைத்து, ஆறவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். இதையே மூன்று நான்கு முறை செய்யுங்கள். அதன் பிறகு பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு, சூடான கல்லில் அழுத்தித் தேய்த்துவிட்டு ஒரு தோசை ஊற்றுங்கள். முதல் இரண்டு மூன்று தோசை பிய்ந்துதான் வரும், அவற்றை நீங்கள் சாப்பிடுங்கள். இனி அந்தக் கல்லுக்கு ஸ்டீல் ஸ்க்ரப்பர் வேண்டாம், இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போடுவதும் வேண்டாம். சப்பாத்திக்குத் தனியாக ஒரு கல் வாங்கிவிடுங்கள்.

சீருடையை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாயம் ஏறிய துணியை வெயிலில் போடாமலும் இஸ்திரி போடாமலும் உடனே மறுபடி துவைத்திருந்தால் பெரும்பாலும் போயிருக்கும். இப்போது ஆக்சிஜன் ப்ளீச் எனக் கிடைக்கும் பவுடரைக் கரைத்து, பாக்கெட்டில் சொன்ன நேரம் வரை ஊறவைத்துப் பாருங்கள். சுங்குடி போன்ற பருத்திச் சேலையைக் கல் உப்புத் தண்ணீரில் ஊறவைப்பது நம் வழக்கம். ஆனால் அது சாயத்தை முழுக்கப் பிடித்து நிறுத்திவிடாது. சேலையின் உள்பக்க ஓரத்தில் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினால் அந்தச் சேலைக்குத் தனி வாளிதான்.

அலமாரிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். கல் போனதற்கு அவர் அழவில்லை, சட்டை போனதற்கும் அழவில்லை, இதற்கு அழுதிருக்கிறார்.

காலை ஐந்தரை மணிக்கு ஒரு அடுப்பில் குழம்பு, இன்னொன்றில் பால், நடுவில் பையனை எழுப்ப வேண்டும். அந்த நேரத்தில் சமைப்பவர் கண்ணால் தேடுவதில்லை. கை தானாகப் போகும். அடுப்புக்கு வலதுபக்கம் இரண்டாவது தட்டில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம் பருப்பு, அதன் பின்னால் மூடி நெளிந்த டப்பாவில் தனியாத்தூள், கைக்கெட்டும் கீழ்த்தட்டில் தினம் எடுப்பது, மேல்தட்டில் தீபாவளிக்கு எடுப்பது. வெளியிலிருந்து பார்த்தால் அலங்கோலம். அவருடைய கைக்கு அது மனப்பாடம். ரவையும் கோதுமை ரவையும், சாம்பார்ப் பொடியும் மிளகாய்த்தூளும் ஒரே உயர டப்பாக்களில் வரிசையாக நின்றபோது, அவருக்குச் சொந்தச் சமையலறையிலேயே வழி தெரியாமல் போய்விட்டது. அதுவும் பிறந்தநாளன்று, நன்றி சொல்ல வேண்டிய கட்டாயத்தோடு.

அதை நீங்களாகவே பழையபடி மாற்றப் போகாதீர்கள், அது இரண்டாவது சர்ப்ரைஸ் ஆகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எடுத்து வையுங்கள். ஏன் அங்கே என்று கேளுங்கள், விவாதம் செய்யக் கேட்க வேண்டாம், தெரிந்துகொள்ளக் கேளுங்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் இந்த வீடு எப்படி ஓடுகிறது என்று உங்களுக்குப் புரியும். வீட்டு வேலையில் கை செய்வது ஒரு பகுதிதான். என்ன தீரப்போகிறது என்று முன்கூட்டியே பார்ப்பது, என்ன செய்யலாம் என்று யோசிப்பது, முடிவெடுப்பது, முடிந்ததா என்று கவனிப்பது, இதுவும் வேலைதான். அலிசன் டேமிங்கர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் இதை இந்த நான்கு படிகளாகவே பிரித்துக் காட்டினார். முடிவெடுப்பதில் கணவர்களும் பங்கெடுத்தார்கள். முன்கூட்டிப் பார்ப்பதும் பின்னால் கவனிப்பதும் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் இருந்தன. நீங்கள் இதுவரை கையை மட்டும் கொடுத்தீர்கள். அதனால் அவருக்கு உங்களைக் கவனிக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது.

"ஏதாவது ஹெல்ப் பண்ணட்டுமா?" என்று இரவு ஏழரைக்குக் கேட்பதும் இதே கணக்குதான். கேட்பவருக்கு அது அன்பு. வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாதவருக்கு அது இன்னொரு யோசனை.

கண்ணுக்குத் தெரியும் உதவி சில நேரம் பாரமாகும் என்பதற்கு நான் அடிக்கடி எடுத்துச் சொல்லும் ஓர் ஆய்வு உண்டு. உளவியலாளர் நியால் போல்கரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2000-இல் வெளியிட்டது. நியூயார்க்கில் வழக்கறிஞர் தேர்வுக்குப் படிப்பவரையும் துணையையும் தனித்தனியாக நாட்குறிப்பு எழுதச் சொன்னார்கள். "இன்று உதவினேன்" என்று துணை எழுதி, "உதவி கிடைத்தது" என்று படிப்பவர் எழுதாத நாட்களில்தான் படிப்பவரின் மனச்சோர்வு குறைந்தது. உதவி கண்ணில் பட்டபோது, தன்னால் முடியவில்லையோ என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. பிறந்தநாள் அலமாரி எந்தப் பக்கம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே என் யோசனை இது. பல வேலைகளில் கொஞ்சம் கொஞ்சம் கை வைப்பதை விடுங்கள். ஒரே ஒரு வேலையை அடியிலிருந்து முடிவுவரை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். எது என்று அவரே சொல்லட்டும். என்னைக் கேட்டால், இட்லி மாவு. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊரில் இருக்கிறீர்கள், பகல் முழுக்க வீட்டில் இருக்கிறீர்கள், அதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தோன்றவில்லை.

மாவு உங்களுடையது என்றால் இட்லி அரிசியும் உளுந்தும் தீரும் முன் வாங்குவது உங்களுடையது. நாலுக்கு ஒன்றா, மூன்றுக்கு ஒன்றா, வெந்தயம் எவ்வளவு என்று ஒரு தடவை அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். உளுந்தை அதிக நேரம் ஊறப்போட்டால் பொங்கி வராது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து ஆட்ட வேண்டும், சூடேறாமல் பார்க்க வேண்டும். கையால் கலந்து, பாதிப் பாத்திரம் மட்டும் நிரப்பி, இரவு மூட வேண்டும். காலையில் பொங்கியதைப் பார்த்து ஃப்ரிட்ஜில் எடுத்து வைப்பதும், கிரைண்டர் கல்லைக் கழற்றிக் கழுவிக் கவிழ்ப்பதும், மேடையைத் துடைப்பதும், சிங்க்கில் கிடக்கும் அரிசியை அள்ளுவதும் உங்கள் வேலையில் சேர்த்தி. இதில் எதையாவது விட்டால் மீதி அவருக்குப் போகும், பழைய கதை திரும்ப வரும்.

இரண்டு வாக்கியங்களைத் தவிருங்கள். "நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றால் அவர் வருத்தப்பட்டதே தப்பு என்றாகிவிடும். "சரி, இனி எதையும் தொடலை" என்றால் அது தண்டனை. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சமையல், துப்புரவு போன்ற சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் கைவைத்த ஆண்கள் 26.1 சதவீதம்தான், பெண்கள் 81.2. செய்தவர்களிலும் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97. நாலு ஆண்களில் கைவைக்கும் அந்த ஒருவர் நீங்கள். நாலு தவறுக்காக மற்ற மூவர் பக்கம் திரும்பிப் போய்விடாதீர்கள்.

இதை உங்கள் மனைவிக்கும் படிக்கக் கொடுங்கள். சகோதரி, மாவை ஒப்படைத்த பிறகு மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். என் வீட்டில் மாவு என் கணவர் கைக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. முதல் மாதம் அவர் ஆட்டியதில் நான் மறுபடி தண்ணீர் சேர்த்துக் கலக்கினேன், அவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அது நான் செய்த தவறு. அவர் முகம் இன்றும் நினைவிருக்கிறது. ஆபத்து என்றாலோ பொருள் கெட்டுவிடும் என்றாலோ உடனே சொல்லுங்கள். இட்லி கொஞ்சம் கல்லாக வந்தால் சட்னி ஊற்றிச் சாப்பிட்டுவிடுங்கள். நாலு வாரம் கழித்து, சாப்பிடும் நேரமாக இல்லாமல் வேறு நேரத்தில், இருவரும் உட்கார்ந்து என்ன மாற்றலாம் என்று பேசுங்கள். அடுத்த வேலை எது என்பதையும் அப்போது முடிவு செய்யலாம், அதற்கு முன் வேண்டாம்.

வரிசை இப்படி இருக்கட்டும்: இன்றே டாய்லெட் கிளீனரையும் ப்ளீச்சிங் பவுடரையும் வேறு வேறு இடத்தில் வையுங்கள். இந்த வாரம் தோசைக்கல். ஞாயிறன்று அலமாரி, அவர் நாற்காலியில். அதற்கடுத்த சனிக்கிழமை மதியம் உளுந்து ஊறப்போடுங்கள்.