ஒன்றரை மாத ஊசி: காசு கொடுத்துப் போட வேண்டுமா?

சகோதரி, தனியாரில் குழந்தையின் ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் பெரிய தொகை சொல்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட்டால் தரம் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறையாது. கடன் வாங்க வேண்டாம்.

ஒன்றரை மாதத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பென்டாவேலன்ட் (கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி), ரோட்டா (வயிற்றுப்போக்குக்கான சொட்டு), போலியோ (சொட்டு, ஊசி இரண்டும்), நியுமோகாக்கல் (நிமோனியாவுக்கு எதிரானது) எல்லாமே உண்டு. பென்டாவேலன்ட் 2011 டிசம்பரிலேயே நாட்டில் முதலில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும்தான் வந்தது. அதிக விலையுள்ள நியுமோகாக்கல் 2021 முதல் நாடு முழுக்க இலவசம். அரசுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்றால், லட்சக்கணக்கில் மொத்தமாக வாங்குகிறார்கள், ஒரே குப்பியில் பல டோஸ் வருகிறது. சர்வதேசக் கொள்முதலில் புனே சீரம் நிறுவனத்தின் நியுமோகாக்கல் டோஸ் ஒன்று சுமார் 2 டாலருக்கே கிடைத்தது. மருந்துக் கடை விலையோடு ஒப்பிட்டால் தலை சுற்றும்!

பென்டாவேலன்டுக்குப் பதிலாகத் தனியாரில் சொல்லும் 'வலியில்லா ஊசி'யில் காய்ச்சலும் வீக்கமும் குறைவு, அது உண்மை. ஆனால் கக்குவான் இருமலுக்கு எதிரான அதன் பாதுகாப்பு சீக்கிரம் தேய்கிறது. ஒரு ராத்திரி அழுகையைத் தவிர்க்க அவ்வளவு காசா? என் பிள்ளைக்கு நான் கொடுக்கவில்லை.

கையில் காசு இருந்தால் இலவசப் பட்டியலில் இல்லாதவற்றுக்கு வையுங்கள்: டைபாய்டு, அம்மை (சின்னம்மை), மஞ்சள் காமாலை ஏ. அவற்றுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. புதன்கிழமை காலையிலேயே போய்விடுங்கள், தாய்–சேய் அட்டையை மறக்காதீர்கள். குழந்தை குறைமாதம் என்றாலோ வேறு நோய் இருந்தாலோ மருத்துவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.