ஓல்டு கோர்ஸை எப்படி ஆடுவது? மூணாறு கோல்ஃப் கேடி பதில் சொல்கிறார்

மூணாறில் இருபது வருஷம் கேடியாக, கோல்ஃப் ஆடுபவர்களின் மட்டைப் பையைச் சுமந்தவன் நான். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள ஓல்டு கோர்ஸ் என்ற கோல்ஃப் மைதானத்துக்கு ஒருமுறை போகக் கிடைத்தது. வழக்கமாக ஞாயிறன்று அங்கே ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் நாயோடு உலாத்துவார்கள். அந்த ஞாயிறு பதினெட்டு ஹோலையும் (முதல் அடியிலிருந்து குழி வரை ஒரு ஹோல்) நடந்தே பார்த்தேன். அதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இதோ பதில்.

அண்ணே, ஃபேர்வே (பந்தை அடித்துக்கொண்டு போகும் புல்வெளி) அவ்வளவு அகலமாமே, அப்புறம் என்ன கஷ்டம்? (தேவிகுளம்)

தம்பி, முதல் ஹோலும் கடைசி ஹோலும் வேலியே இல்லாமல் ஒரே வெளியாகக் கிடக்கும். இடது பக்கம் எவ்வளவு தள்ளி அடித்தாலும் பெரும்பாலும் பந்து தொலையாது. ஆனால் அங்கிருந்து பார்த்தால் பல ஹோல்களில் பங்கரோ (மணல் பள்ளம்) மேடோ குறுக்கே நிற்கும். வலது ஓரத்து முட்புதரை ஒட்டித் துணிந்து அடித்தவனுக்குத்தான் கிரீன் (குழி இருக்கும் மட்டமாக வெட்டிய புல்தரை) வழிவிடும். அதனால் டீயில் (முதல் அடி அடிக்கும் இடம்) நிற்கும்போதே குழியில் நட்ட கொடி எங்கே என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி யோசித்து வா.

ரெண்டு ஹோலுக்கு ஒரே கிரீனா? (பீருமேடு)

ஆமாம், ஏழு கிரீன்கள் அப்படி. 2-16, 3-15 என்று ஜோடி ஹோல்களின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும். 1, 9, 17, 18 மட்டும் தனி. முன்பு போகும்போதும் வரும்போதும் அதே குழிகளில்தான் ஆடினார்கள். கூட்டம் பெருகவே கிரீனை அகலமாக்கி இரண்டு குழி வெட்டினார்கள். போகும்போது வெள்ளைக் கொடி, திரும்பும்போது சிவப்பு.

பதினேழாவது ஹோலை ஏன் எல்லாரும் பயந்து பேசுறாங்க, சார்? (கொழிஞ்சாம்பாறை)

ரோடு ஹோல். ஓட்டல் வளாகத்தின் மூலைக்கு மேலே, எதிரே எதுவும் தெரியாமல் டீ ஷாட். கிரீன் ஒடுக்கமாக, சாய்வாகக் கிடக்கிறது. முன்னால் இடதில் பங்கர், பின்னால் தார் ரோடு, அதைத் தாண்டிக் கல்சுவர். பங்கரின் விளிம்பில் நின்று குனிந்து பார்த்தேன். புல்கட்டிகளைச் செங்கல் மாதிரி அடுக்கிய சுவர், கிட்டத்தட்ட செங்குத்து. சுற்றியுள்ள தரை முழுக்க அந்தப் பள்ளத்தை நோக்கியே சரிகிறது. 1978இல் இங்கே நடந்த பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் ஜப்பான் வீரர் டாமி நகாஜிமா இரண்டே அடியில் கிரீனுக்கு வந்தார். ஆனால் அவர் கிரீனில் உருட்டித் தட்டிய பந்து அந்தப் பங்கரில் விழுந்து, ஹோல் முடியும்போது 9 அடி ஆகிவிட்டது. 2022 ஓப்பனில் கேமரன் ஸ்மித் பங்கருக்கு மேலே தூக்கி அடிக்கவில்லை. பந்தை உருட்டும் மட்டையான புட்டராலேயே சரிவில் சுற்றி அனுப்பி, பார் (அந்த ஹோலுக்கு விதித்த அடிக் கணக்கு) எடுத்து, கோப்பையையும் வென்றார்.

நம்மைப் போன்றவர்களுக்கு நான் சொல்வது: இரண்டாவது அடியைக் கிரீனுக்கு முன்னால் வலது பக்கம் நிறுத்துங்கள். அங்கிருந்து உருட்டி ஏற்றுங்கள். அந்த ஹோலில் ஐந்து எடுத்தால் நல்ல ஸ்கோர்தான்.

பங்கரில் விழுந்தா? (தேவிகுளம்)

வெளியே வருவதை மட்டும் நினை. பக்கவாட்டிலோ பின்பக்கமோ அடித்தாலும் சரி. பதினான்காவதில் உள்ள ஹெல் பங்கரில் மாட்டி கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லஸே 1995 ஓப்பனில் 10 அடி எடுத்தார். 2000 ஓப்பனில் டைகர் வுட்ஸ் நான்கு நாளும் ஒரு பங்கரில்கூட விழவில்லை. 19 அண்டரில், அதாவது பாரைவிட 19 அடி குறைவாக ஆடி வென்றார்.

மூணாறில் இந்த உருட்டும் ஆட்டத்தைப் பழக முடியுமா, அண்ணே? (மாட்டுப்பட்டி)

மழைக்காலத்தில் முடியாது, பந்து மண்ணில் புதைந்துவிடும். தை, மாசியில் தரை இறுகியதும் கிரீனுக்கு முப்பது கஜம் முன்னால் நின்று, பந்தைத் தூக்கி அடிக்கும் வெட்ஜ் மட்டையைப் பையிலேயே விட்டுவிட்டு, ஏழாம் நம்பர் அயர்ன் மட்டையால் உருட்டிப் பார். மேட்டில் எங்கே வேகம் குறைகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒவ்வொரு பந்தையும் கடைசிவரை கவனி.