தண்டுவடத் தூண்டல்: கேள்வியும் பதிலும்

கே: எபிடியூரல் லீடில் (தண்டுவட உறைக்கு வெளியே வைக்கும் எலக்ட்ரோடுக் கம்பி) ஈகேப் (தூண்டியதும் நரம்பு நார்கள் சேர்ந்து தரும் மின் அலை) பதிவு செய்ய 2 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங் (விநாடிக்கு 2000 முறை அளப்பது) போதுமா?

போதாது. அது தசைக்கான கணக்கு. ஈகேப் ஒன்றிரண்டு மில்லி விநாடியில் முடிந்துவிடும். 20 கிலோஹெர்ட்ஸாவது வையுங்கள்.

கே: மல்லாந்து படுத்தால் தூண்டல் அதிகமாக உறைக்கிறது என்கிறார் நோயாளி. கருவிக் கோளாறா?

இல்லை. படுத்ததும் தண்டுவடம் பின்பக்கம் சரிந்து எலக்ட்ரோடை நெருங்குகிறது. இடையிலுள்ள நீர்ப்படலம் மெலிவதால் அதே மின்னோட்டத்துக்கே ஈகேப் பெரிதாகும். இருமினாலும் அப்படித்தான். ஈகேப்பை அளந்து மின்னோட்டத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவிகள் வந்ததே இதனால்தான். எந்த நிலையில் அளந்தீர்கள் என்று குறித்துவையுங்கள்.

கே: பல்ஸ் முடிந்த கையோடு 2 மில்லிவோல்ட் அலை கிடைத்தது. மின்னோட்டத்தைக் கூட்டினால் அலையும் கூடுகிறது. நரம்புதானே?

இல்லவே இல்லை. இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை! ஈகேப் என்பது சில பத்து மைக்ரோவோல்ட், மிஞ்சினால் சில நூறு. உங்களுக்குக் கிடைத்தது ஆர்டிஃபாக்ட், அதாவது தூண்டலும் கருவியும் உண்டாக்கும் போலி அலை: பல்ஸில் திணறிய ஆம்ப்ளிஃபயர் மீண்டு வருகிறது, எலக்ட்ரோடில் தேங்கிய சார்ஜ் வடிகிறது. மின்னோட்டத்தோடு அலையும் நேர்கோட்டில் ஏறுவதே சந்தேகத்துக்கு முதல் காரணம். நரம்புக்கு ஒரு தொடக்க அளவு உண்டு. அதற்குக் கீழே ஒன்றும் வராது.

பதிவு செய்யும் கான்டாக்டை (லீடிலுள்ள உலோகப் பட்டை) தள்ளி மாற்றிப் பாருங்கள். பின்தூண் நார்களில் (தண்டுவடத்தின் பின்பக்க உணர்வு நார்கள்) வேகம் விநாடிக்கு சுமார் 60 மீட்டர்; 30 மில்லிமீட்டர் தள்ளினால் அரை மில்லி விநாடி தாமதம் கூட வேண்டும். பல்ஸின் துருவத்தையும் திருப்புங்கள்: ஆர்டிஃபாக்ட் கவிழும், நரம்பலை கவிழாது. கடிதத்தில் கான்டாக்ட் தூரத்தைக்கூட நீங்கள் எழுதவில்லை.

நானும் ஒருமுறை அழகான அலை ஒன்றைக் கண்டு இரண்டு நாள் பூரித்துப்போனேன். அப்புறம் லீடை உப்புத்தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுத் தூண்டினால் அதே அலை. உப்புத்தண்ணீருக்கு ஏது நரம்பு?

கே: முதுகுத் தோல்மேல் தூண்டும்போது தொடை இஎம்ஜியில் (தசையின் மின்பதிவு) வருவது ரிஃப்ளெக்ஸா, நேரடி மோட்டார் அலையா?

50 மில்லி விநாடி இடைவெளியில் இரண்டு பல்ஸ் கொடுங்கள். இரண்டாவது அலை அடங்கிவிட்டால் பின்வேர் (உணர்வு நரம்பு வேர்) வழி வரும் ரிஃப்ளெக்ஸ். முதல் அலை அளவுக்கே வந்தால் முன்வேரை (தசைக்குப் போகும் மோட்டார் நரம்பு வேர்) நேராகத் தட்டுகிறீர்கள். தாமதத்தை மட்டும் நம்பாதீர்கள். வித்தியாசம் ஒன்றிரண்டு மில்லி விநாடிதான்.

கே: 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலுக்கு நாட்ச் ஃபில்டர் (அந்த ஓர் அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் வடிகட்டி) போடலாமா?

வேண்டாம். ஆர்டிஃபாக்ட் பட்டதும் ஃபில்டர் மணி மாதிரி அதிரும். அதையும் நரம்பு என்று எழுதி அனுப்புவீர்கள். முதலில் கிரவுண்டைச் சரிபாருங்கள். தூண்டல் வீதத்தையும் 50-இல் வைக்காதீர்கள், சராசரி எடுத்தாலும் இரைச்சல் போகாது. 47 வையுங்கள்.

கே: ஸ்கோப் (அலைகாட்டி) படம் இணைத்துள்ளேன். சரியா?

அச்சில் அளவே இல்லை. மின்னோட்டம், பல்ஸ் அகலம், கான்டாக்ட் தூரம் எழுதி மறுபடி அனுப்புங்கள்.