ஃப்ரீசரில் வைத்த குழம்பு ஏன் நீர்த்துப்போகிறது?

கேள்வி: விடுமுறை நாளில் ஐந்து நாளுக்கும் சேர்த்துச் சமைத்து, பெரிய டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வைக்கிறேன். எடுத்துச் சூடாக்கினால் குழம்பு நீர்த்திருக்கிறது. உருளைக்கிழங்கு பஞ்சுபோல் ஆகிவிடுகிறது. கெட்டுவிட்டதா? மீந்ததை மறுபடியும் உறையவைக்கலாமா?

பதில்: கெடவில்லை. மெதுவாக உறைந்திருக்கிறது, அவ்வளவுதான். குற்றவாளி அந்தப் பெரிய டப்பா. அதன் நடுப்பகுதி உறைய மணிக்கணக்கில் ஆகும். மெல்ல உறையும் நீர் பெரிய பனிப்படிகங்களாகி, காய்கறி, இறைச்சியின் உயிரணுக்களைக் கிழிக்கிறது. உருகும்போது அந்தக் கிழிசல் வழியாக வடிந்த நீரைத்தான் குழம்பில் பார்க்கிறீர்கள்.

ஆகவே மெல்லியதாகப் பரப்பி உறையவையுங்கள். ஒருவேளைக்கு உரியதை ஜிப் பையில் ஊற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஒரு விரல் தடிமனுக்குத் தட்டையாக்கித் தட்டில் படுக்கவையுங்கள். கல்லாக இறுகியதும் புத்தகங்களைப்போல் நிறுத்தி அடுக்கலாம். டப்பாதான் வேண்டுமென்றால் சிறியதாக எடுத்து, மேலே ஒரு விரல் இடம் விடுங்கள். நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும்.

சுடச்சுட உள்ளே வைப்பதும் தவறு, ஆறட்டும் என்று இரவெல்லாம் மேடையில் விடுவது அதைவிடத் தவறு. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். பாத்திரத்தைப் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் இறக்கிக் கிளறிக்கொண்டே இருங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். சோறு என்றால் இன்னும் அவசரம். அதில் வேகவைத்தாலும் சாகாத பாக்டீரியா வித்துகள் உண்டு. அவை முளைத்து உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

உருளைக்கிழங்கைப் பொறுத்தவரை எந்தத் தந்திரமும் பெரிதாகப் பலிப்பதில்லை. அதை விட்டுவிட்டுச் சமையுங்கள். சூடாக்கும் நாளில் வேகவைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகிவிடும். சோளமாவு கரைத்துக் கெட்டியாக்கிய குழம்பு திரிந்து நீர் விடும், அதையும் கடைசியில் சேருங்கள். பருப்பு, சூப், அரைத்த தக்காளி ஆகியவை அலுங்காமல் திரும்பி வரும்.

மைனஸ் 18 டிகிரியில் பாக்டீரியா சாவதில்லை, தூங்குகிறது. உணவு பல மாதம் கெடாது; ஆனால் ருசிக்கு மூன்று மாதம்தான் கணக்கு. பையில் பெயரும் தேதியும் எழுதுங்கள். ஒருமுறை சூப் என்று நம்பி நான் உருக்கியது பழக்கூழாக இருந்தது. உறைந்தபின் எல்லாமே ஒரே செங்கல்.

மறுபடி உறையவைப்பது பற்றி: முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருகியது என்றால் ஆபத்தில்லை, ருசி மட்டும் இன்னொரு படி இறங்கும். மேடையில் கிடந்து உருகியதை மறுபடி உள்ளே வைக்காதீர்கள். எப்படி உருக்கினாலும் நடுப்பகுதி 75 டிகிரியைத் தொடும்வரை, அதாவது நன்றாக ஆவி பறக்கும்வரை, சூடாக்கிய பிறகே பரிமாறுங்கள்.