லேப் பூட்டிவிட்டால் புராஜெக்டை எங்கே செய்வது?

கேள்வி: கல்லூரி கம்ப்யூட்டர் லேபை ஐந்து மணிக்கே பூட்டிவிடுகிறார்கள். என்னிடம் 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்தான். மெஷின் லேர்னிங் புராஜெக்டை எப்படி முடிப்பது?
– மாணவி, திருநெல்வேலி

பதில்: அந்த லேப்டாப்பே போதும். கூகுள் கோலாபில் ஜிமெயில் கணக்கோடு நுழைந்தால் பைத்தான் நிரலை பிரௌசரிலேயே ஓட்டலாம், வேலையைச் செய்வது கூகுளின் கணினி என்பதால் உங்கள் ராம் ஒரு பொருட்டே இல்லை, கணக்குகளை வேகமாகப் போட்டுத்தரும் சிப்பான ஜிபியுவும் பெரும்பாலும் இலவசமாகவே கிடைத்துவிடும். ஆனால் இலவசக் கணக்கில் ஒரு தடவை இணைந்தால் அதிகபட்சம் 12 மணி நேரம்தான், சும்மா விட்டால் அதற்கு முன்பே துண்டித்துவிடும், அங்கிருந்த கோப்புகளும் போய்விடும்; அதனால் மாடலை நடுநடுவே கூகுள் டிரைவில் சேமித்துக்கொண்டே இருங்கள், இதை மட்டும் மறக்காதீர்கள். காசு கொடுத்து வாங்கும் கணித மென்பொருளான மேட்லாப் தேவைப்பட்டால், அதற்குப் பதில் ஆக்டேவ் என்ற மென்பொருள் இருக்கிறது, இலவசம். அப்புறம், நாலைந்து பேராகச் சேர்ந்து லேபை எட்டு மணி வரை திறந்துவைக்கச் சொல்லி துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுங்கள், தயங்காதீர்கள்.