காசநோயும் வறுமையும்: கேள்வி பதில்

கேள்வி: காசநோய் கிருமியால் வருவது. அதில் வறுமைக்கு என்ன வேலை?

கிருமி உள்ளே போன பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் வாழ்நாளில் நோய் வரும். அந்த ஒருவர் யார் என்பதில், வறுமையில் சாப்பாடு குறைந்து உடல் எடை குறைவதற்குப் பெரிய பங்கு உண்டு. ஜார்க்கண்டில் 2019இல் தொடங்கிய ரேஷன்ஸ் ஆய்வில், நோயாளியின் வீட்டாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ துவரம்பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அவர்களிடையே புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது.

கேள்வி: அப்பா உயரம் 160 செ.மீ., எடை 35 கிலோ. மாத்திரை தொடங்கியாச்சு, எழுந்து நிற்கவே சிரமப்படுகிறார். வீட்டில் வைத்துப் பார்க்கலாமா?

கூடாது. இன்றே அரசு மருத்துவமனையில் சேருங்கள். எடையை மீட்டர் கணக்கில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 13.7 வருகிறது, 14க்குக் கீழே போனாலே ஆபத்து. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லா திட்டம் இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன், பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து உடனே சேர்ப்பார்கள். பாசத்தில் ஒரேயடியாகச் சோறு ஊட்டிவிடாதீர்கள். நெடுநாள் வற்றிய உடம்பில் ரத்தத்தின் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் திடீரெனச் சரிந்து இதயம் தடுமாறும். கொஞ்சம் கொஞ்சமாக, மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள்.

கேள்வி: ஒரே அறையில் ஐந்து பேர். அண்ணனை எங்கே அனுப்புவது?

எங்கேயும் வேண்டாம். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் ஒரு பகுதியினருக்கு சானடோரியம் என்ற தனி காசநோய் மருத்துவமனையில் சிகிச்சை, மற்றவர்களுக்கு நெருக்கடியான வீட்டிலேயே, குறைந்த சாப்பாட்டோடு. ஓராண்டு மருந்துக்குப் பின் குணமானது இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டாருக்குத் தொற்றும் கூடவில்லை. பெரும்பாலும் மருந்து தொடங்கும் முன்பே பரவிவிடுகிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், முதல் சில வாரம் அவர் முகக்கவசம் போடட்டும். தட்டு, டம்ளரைப் பிரிப்பது மனதைப் புண்படுத்தும், தொற்றைத் தடுக்காது. மற்ற நால்வருக்கும் பரிசோதனை செய்து, நோய் இல்லையென்றால் தடுப்பு மாத்திரை கேளுங்கள்.

கேள்வி: காசநோயாளியின் சத்துணவுக்கு அரசு வங்கிக் கணக்கில் போடும் நிக்ஷய் பணம் வரவில்லையே?

2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். ஆதார் இணையாத கணக்கு, முடங்கிய கணக்கு, மாறிப்போன ஐஎஃப்எஸ்சி எண்: பெரும்பாலும் இதில் ஒன்றுதான். பாஸ்புக், ஆதார், நிக்ஷய் எண்ணோடு காசநோய்ப் பிரிவு ஊழியரிடம் போங்கள்.

கேள்வி: மருந்து இலவசம், பிறகு ஏன் கடன்?

நோய் என்னவென்று தெரியும் முன்பே பணம் கரைந்துவிடுகிறது. நாலு கிளினிக், டானிக், ஸ்கேன், போன கூலி. இரண்டு வாரம் இருமினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி கொடுங்கள். நெஞ்சிலிருந்து காறி எடுத்த கெட்டிச் சளியாக இருக்க வேண்டும். எச்சிலைக் கொடுத்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம்.